கரமனையும் விடுதிப் பிள்ளைகளும்

திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்திலிருந்து கன்னியாகுமரி நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், சிறிது நேரத்தில் கரமனை ஆற்றுப் பாலத்தை அடையலாம். அகத்திய மலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் கலக்கும் அவ்வாற்றின் கரையில் அமைந்த ஊரே கரமனை. 1979இல் கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது முதல், நாகர்கோவில் பக்கத்து உறவினர் நேமம் வழியே ரயிலிலேயே வந்துவிடுகின்றனர். அந்த நேமம் நிலையத்துக்கு 2024 முதல் திருவனந்தபுரம் தெற்கு என்பது பெயர்.

பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் இங்கே உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. கரமனை கேரளத்தில் நின்றது. எனினும் இல்லத்தில் தமிழ் நின்றுவிடவில்லை. பக்திக் கீர்த்தனங்கள் பல இயற்றிய நீலகண்ட சிவன் (1839–1900) வாழ்ந்த ஊர் இதுவே. இளமையில் தந்தையை இழந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்த பாபநாசம் சிவன், அவருடைய பாடல்களிலும் பஜனையிலும் உள்ளம் தோய்ந்தார் என்பது இசையுலகம் அறிந்ததே. தந்தையற்ற சிறுவனுக்கு ஊரும் நல்ல கூட்டமும் துணை நின்றன.

சத்தியவாகீசுவரர் ஆலய தரிசனத்துக்கென்றே நாம் அங்குச் சென்றோம். ஆனால் தங்கியிருந்த இல்லத்தில் வேறொரு கவலையே பேச்சாயிருந்தது. அவ்வீட்டு மூதாட்டியின் பேரன், வயது பதினாறு. பெற்றோர் வளைகுடா நாட்டில் இருக்கின்றனர். வேற்றூர் விடுதிப் பள்ளியொன்றில் படித்த அவன் கஞ்சா புகைத்ததாக அறியப்பட்டு, ஒரே நாளில் பெட்டியுடன் அனுப்பப்பட்டான். “தப்புப் பண்ணினான், தண்டனை வேண்டியதுதான். ஆனால் பள்ளியும் கைவிட்டு, வீட்டிலும் யாரும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், தெருமுனையில் இவனுக்காகக் காத்திருப்பவன் யார் தம்பி?” என்று அப்பாட்டி கேட்டார். நமக்கு உடனே விடை கூற இயலவில்லை.

நம் முன்னோர் லாகிரி என்று கூறியதை மலையாளத்தார் லஹரி என்பர். இக்கேடு விடுதிகளுக்குள் நுழைந்திருப்பது மெய். 2025 மார்ச்சில் களமசேரி அரசினர் பாலிடெக்னிக் விடுதியில் போலீசார் சோதனையிட்டு, சுமார் இரண்டு கிலோ கஞ்சாவைக் கைப்பற்றினர். கல்லூரி முதல்வரே முன்கூட்டிப் போலீசாருக்குக் கடிதம் எழுதியிருந்தார் என்பது இதில் கவனிக்கத்தக்கது. நிறுவனத்தின் பெயருக்கு இழுக்கு வருமென்று அஞ்சி மூடி மறைத்தால் விற்பவனுக்கே ஆதாயம்.

ஆயினும் விற்பவனும் வீழ்ந்தவனும் ஒருவரல்லர். சட்டமே இவ்வேற்றுமையை அறியும். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கு, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலோ, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்களிக்கும் பிரிவு உண்டு.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து வெர்னோனியா என்னும் சிற்றூர்ப் பள்ளிகளில், விளையாட்டு மாணவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை நடத்தினர். 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. இருமுறை சோதித்தும் குற்றம் உறுதியானால், ஆறு வார உதவித் திட்டத்தில் சேரலாம். அன்றேல் விளையாட்டிலிருந்து விலக வேண்டும். முடிவுகள் போலீசாரிடம் செல்வதில்லை. கண்டிப்பு இருந்தது, கதவும் திறந்திருந்தது.

கண்டிப்பென்றால் எல்லாவற்றையும் தடுப்பதும் அன்று. குறிப்பிட்ட நேரத்தில் கைபேசியை ஒப்படைக்க மறுத்த மாணவி ஒருவரைச் சேளன்னூர்க் கல்லூரி விடுதி வெளியேற்றியபோது, 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. நியாயம் விளங்காத விதியைப் பிள்ளைகள் மனமார ஏற்கமாட்டார்கள்.

வெளியூரில் பிழைக்கும் நம்மவர் பலர், பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிட்டு, பணம் அனுப்புவதோடு கடமை முடிந்ததென எண்ணுகின்றனர். சேர்க்குமுன் கட்டணத்தை மட்டும் கேளாமல், இவற்றையும் கேட்பது நலம்: பிள்ளை தவறினால் முதலில் யார் அவனுடன் பேசுவார்? பெற்றோருக்கு எப்போது அறிவிப்பர்? மருத்துவ உதவி உண்டா? சிகிச்சை முடித்து வருபவனுக்கு மீண்டும் இடம் உண்டா? இவற்றை எழுத்தில் தர மறுக்கும் விடுதியில் பிள்ளையை விடலாகாது.

அவ்வில்லத்துப் பையன் இப்போது மருத்துவரிடம் சென்று வருகிறான். பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதப் படிக்கிறான். அவனுக்காக வேறொரு பள்ளியை அவன் மாமா தேடிவருகிறார். இடம் கிடைக்க வேண்டுமென்பதே நம் விருப்பம்.