இரண்டாவது ஆள் வந்ததும்

ஓர் அலுவலகத்தில் கணினி மந்தமாகிவிட்டது என்று புகார் எழுந்தால், முதலாளியின் சந்தேகம் முதலில் பழைய கணினியின் மேலும், அடுத்தபடியாகச் சுவரோரம் ஓடும் நெட்வொர்க் கேபிளின் மேலும், அவ்விரண்டும் தப்பித்துக்கொண்டால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தாவின் மேலும் விழுவது வழக்கம். பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்கும் ஆக்சஸ் டேட்டாபேஸைப் பொறுத்தவரையில் இம்மூவரும் பெரும்பாலும் நிரபராதிகளே என்பது என் அபிப்பிராயம். ஆயினும், புதிய கணினி ஒன்றை வாங்கிய பிறகுதான் இதை ஒப்புக்கொள்வது என்று நம் முதலாளிகள் விரதமே பூண்டிருக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த ஆக்சஸ், தனியாக ஒரு புரோகிராமரை அமர்த்திக்கொள்ள வசதியில்லாத சிறு வியாபாரிகளுக்கும் சங்கங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சமல்ல. அதன் சுபாவத்தை அறியாமல் பத்துப் பேர் ஒருங்கே உபயோகிக்க முற்படும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. சர்வர் ஜாதியைச் சேர்ந்த டேட்டாபேஸ்களில் கேள்வி மட்டும் சர்வருக்குப் போகிறது. அங்கேயே தேடி எடுத்து, விடையை மட்டும் அது திருப்பி அனுப்புகிறது. ஆக்சஸில் அப்படியல்ல. ஷேர் செய்த ஃபோல்டரில் ஃபைல் கிடக்கிறதே தவிர, அந்த ஃபோல்டர் இருக்கும் கணினி அதைப் படித்துப் பார்ப்பதில்லை. எழுத்து வாசனை அறியாத சேவகன் காவல் காக்கும் பதிவறையைப் போல, கேட்ட கட்டை எடுத்துக் கொடுப்பதோடு அதன் கடமை தீர்ந்தது. தேடுவதும் பொறுக்குவதும் கூட்டிக் கழிப்பதும் அவரவர் மேஜைமேல் இருக்கும் கணினியின் வேலை. வாடிக்கையாளர் எண்ணுக்கு இன்டெக்ஸ் போட்டிருந்தால், ஒருவருடைய பாக்கியைப் பார்க்க நான்கு கிலோபைட் அளவுள்ள பக்கங்கள் சில வந்து சேர்ந்தால் போதும். போடாவிட்டால், அந்த ஒரு வரிக்காக டேபிள் முழுவதுமே கேபிள் வழியாக யாத்திரை செய்தாக வேண்டும்.

நூல் வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் இந்த உபத்திரவத்துக்குப் பரிகாரம் காணப் போயிருந்தபோது, அங்கே நெடுங்காலமாகக் கணக்கு எழுதிவந்த அம்மையார் ஒருவர் சொன்னார்:

"காலையில நான் ஒருத்தி மட்டும் இருக்கிறப்போ பறக்குது சார். இன்னொருத்தர் உள்ள வந்துட்டா அவ்வளவுதான், பில் ஃபார்ம் திறக்கிறதுக்குள்ள காபி குடிச்சிட்டு வந்துடலாம்."

பாதிப் பரிசோதனை இந்த வார்த்தைகளிலேயே முடிந்துவிட்டது. கேபிளில் கோளாறு இருந்தால் தனியாக இருக்கும் அவருக்கும் அது மந்தமாகவே இருந்திருக்கும். கணினி பழையது என்றாலும் அப்படியே. கேடு இரண்டாவது ஆளோடுதான் வருகிறது. ஒருவர் மட்டும் திறந்து வைத்திருக்கும் ஃபைலின் பகுதிகளை அவருடைய கணினியே தன்னிடம் வைத்துக்கொள்ள விண்டோஸ் சலுகை தருகிறது. இன்னொருவர் நுழைந்த மாத்திரத்தில் அந்தச் சலுகை ரத்தாகிறது. அதற்கு மேல், பூட்டு ஃபைல் என்று ஒன்று உண்டு. டேட்டாபேஸ் ஃபைலின் பெயரையே தாங்கி, எல்.டி.பி. என்றோ, 2007-க்குப் பிறகு எல்.ஏ.சி.சி.டி.பி. என்றோ முடியும் இந்தச் சின்னஞ்சிறு ஃபைலில், யார் யார் எந்தக் கணினியிலிருந்து உள்ளே இருக்கிறார்கள் என்பது பதிவாகிறது. அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மையாரைத் தனியாக வேலை செய்யச் சொல்லிப் பார்த்தேன். அவர் பில் ஃபார்மைத் திறந்தால் பூட்டு ஃபைல் தோன்றுகிறது, மூடினால் மறைகிறது. நாள் முழுவதும் இதே நாடகம். மற்றொருவரும் உள்ளே இருந்தால், ஒவ்வொரு மூடலிலும் அதை அழிக்க முயன்று, அழிக்க இயலாமல், மறுபடியும் முயன்று, அந்த வீண் பிரயத்தனத்திலேயே வினாடிகள் கரைந்துபோகின்றன.

இதற்குப் பரிகாரம் வெகு சுலபமானது. டேபிள்கள் அடங்கிய பொது டேட்டா ஃபைலில் ஒரே ஒரு வரியுள்ள டேபிள் ஒன்றை வைத்து, அதனோடு இணைந்த ஒரு ஃபார்மைக் காலையில் முதலாவதாகத் திறந்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, மாலையில் வெளியேறும் வரை மூடாமல் வைத்திருந்தால் போதும். தொடர்பு அறுபடுவதே இல்லை. அன்று பிற்பகல் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தபோது, காபிக்கு எழுந்து போக அவகாசமே இருக்கவில்லை. பைசாச் செலவில்லாத மருந்து என்பதால் முதலாளிக்கு அதன்மேல் உடனே நம்பிக்கை பிறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மற்றவை சில்லறைக் குற்றங்கள். ஃபார்ம்களும் ரிப்போர்ட்களும் அடங்கிய ஃபைலை எல்லோரும் பொது ஃபோல்டரிலிருந்தே ஷார்ட்கட் வைத்துத் திறப்பது அவற்றில் தலையாயது. டேபிள்களை மட்டும் பொதுவில் வைத்து, மற்றதில் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். வருஷத்தைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனைத் தேதியின் மேல் போட்டுக் குவெரி எழுதினால், அந்தத் தேதிக்கு இன்டெக்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை; இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கேட்டால்தான் இன்டெக்ஸ் உதவிக்கு வரும். ஆக்சஸ் 2000-இல் புகுந்த சப்டேட்டாஷீட் என்ற அலங்காரத்தை ஒவ்வொரு டேபிளிலும் நிறுத்திவிடுவது நலம். கேபிளை நீக்கிவிட்டு வைஃபையில் வேலை செய்வதோ வேகத்தைப் பற்றிய விஷயமே அல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு விட்டுப்போனால் ஃபைலே சிதைந்துபோகும் அபாயம் அதில் இருக்கிறது. காம்பாக்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரவலான மூடநம்பிக்கை. செய்ய வேண்டியதுதான், ஆனால் எல்லோரும் வெளியேறிய பிறகு, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இவையெல்லாம் செய்தும் ஒரு வரம்பு உண்டு. 255 பேர் ஒரே சமயத்தில் உபயோகிக்கலாம் என்று ஏட்டில் இருக்கிறது. அதை நம்பி எந்த அலுவலகமும் இறங்க வேண்டாம். ஃபைல் 2 ஜிபிக்கு மேல் வளர இயலாது. அந்த எல்லையை நெருங்கிவிட்டாலோ, வெளியூர்க் கிளையிலிருந்தும் அதே ஃபைலைத் திறக்க ஆசை பிறந்தாலோ, ஃபார்ம்களை இருந்தபடியே விட்டு, டேபிள்களை மட்டும் இலவசமாகக் கிடைக்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றிவிடுவதே உத்தமம். அங்கும் பழைய குவெரிகளைத் திருத்தி எழுதாமல் அப்படியே கொண்டுபோனவர்களுக்கு, முன்னிருந்த வேகமும் போய்விடுவதுண்டு.