மறைவில் மூச்சுவிடும் செடி



இவ்வாரத் தியானப் பகுதி: மத்தேயு 6-ஆம் அதிகாரம்.

காட்டுப் புஷ்பங்களைக் கவனிக்கும்படி ஆண்டவர் சொன்னது இந்த அதிகாரத்தில்தான். அவற்றின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அவை எப்படி வளருகின்றன என்று கவனிக்கச் சொன்னார். ஆகவே நாம் அன்றாடம் கடந்துபோகும் ஒரு பூச்செடியின் வளர்ச்சியைக் கவனிப்போம். அது அரளி.

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலை நம் சங்ககிரி வழியாகவே போகிறது. லாரி ஓட்டும் நம் சகோதரருக்கு நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் பூத்து நிற்கும் அரளி பழகிய காட்சி. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் விவசாயிகள் பூவுக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். கலிலேயாக் கடலோரத்திலும் யோர்தான் கரையிலும் இதே அரளி தானாக வளர்கிறது. மழைக்காலத்தில் மட்டும் நீரோடிக் கோடையில் வறண்டுபோகும் ஓடைகளே இதற்கு இயல்பான இடம். நம் சரபங்கா நதிக்கரையில் வாழும் நமக்கு அப்படிப்பட்ட இடம் புதிதல்ல.

இதை வளர்ப்பது எளிது. பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளை நீக்கி, ஈர மண்ணில் நட்டால் சில வாரங்களில் வேர்விடும். தோட்டமாகப் பயிரிடுவோர் செடிக்குச் செடி சுமார் 2 மீட்டர் இடைவெளி விடுவார்கள். நல்ல வெயில் வேண்டும்; நிழலில் பூ குறையும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக் கூடாது. பிடித்தபின் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. புதுத் தளிரின் நுனியிலேயே பூக்கும் என்பதால் அவ்வப்போது கவாத்து செய்ய வேண்டும். செடி முழுவதும் நஞ்சு. ஆகையால் குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடத்தில் நட வேண்டும். வெட்டிய பின் கைகளை நன்றாகக் கழுவுங்கள். காய்ந்த கிளைகளை அடுப்பில் எரிக்காதீர்கள். அதன் புகையும் தீங்கு செய்யும்.

சித்திரை வெயிலில் மற்றச் செடிகள் துவளும்போது இது எப்படி வாடாமல் நிற்கிறது? வேர் ஆழமாய்ப் போவது ஒரு காரணம். மற்றொரு காரணம் இலையில் இருக்கிறது. ஒவ்வொரு செடியும் இலையிலுள்ள நுண்துளைகளின் வழியாகவே சுவாசிக்கிறது. உள்ளிருக்கும் நீரும் அவ்வழியாகவே ஆவியாய் வெளியேறிவிடும். அரளி இலையின் மேற்புறத்தில் அத்துளைகள் இல்லை. அங்கே தடித்த மெழுகுப் பூச்சு மாத்திரம் உண்டு. துளைகள் அடிப்புறத்தில், சின்னஞ்சிறு குழிகளுக்குள் அமைந்திருக்கின்றன. குழிகளின் உட்புறத்தை மெல்லிய ரோமங்கள் மூடியிருப்பதால் அனல்காற்று நேரே உட்புகுவதில்லை. உள்ளே ஈரம் தங்குகிறது. நாம் காண்பது பளபளக்கும் இலையையும் பூவையும். செடியின் மூச்சோ மறைவில் நடக்கிறது.

புஷ்பங்களைப் பற்றிப் பேசிய அதே அதிகாரத்தில், ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, அந்தரங்கத்திலிருக்கும் பிதாவை நோக்கி ஜெபிக்கும்படி ஆண்டவர் கற்பிக்கிறார். தருமத்தையும் உபவாசத்தையும் மறைவில் செய்யச் சொல்கிறார். இவை பிறர் அறியாத காரியங்கள். கோடை வரும்போது நம்மைத் தாங்குபவையும் இவைதான். லோடு கிடைக்காமல் லாரி வாசலிலேயே நிற்கும் மாதங்கள் உண்டு. தவணைக்காரர் கதவைத் தட்டுவார். வீட்டுக்காரர் வடநாட்டுச் சாலையில் இருப்பார். தனியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிக்கு இரவு நீண்டதாயிருக்கும். அந்த நாளில் அவளைத் தாங்குவது, அதற்கு முந்தின நாட்களில் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் பிதாவோடு பேசின நேரமே.

பிரியமானவர்களே, இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. அரளி என்றதும் நம் பக்கத்து மக்கள் சிலருக்குப் பூ நினைவுக்கு வருவதில்லை. அகாலமாய் இழந்த ஒருவரின் முகமே நினைவுக்கு வருகிறது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் உங்களுக்குள் எழுந்தால், அதை மறைவில் வைக்காதீர்கள். ஜெபத்துக்கு அறைக்கதவைப் பூட்டுங்கள்; துயரத்துக்குப் பூட்டாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள். நள்ளிரவானாலும் குருமனையின் கதவைத் தட்டுங்கள். கடனைக் குறித்து வெட்கப்பட வேண்டாம். உங்கள் கடனைவிட நீங்கள் இந்தச் சபைக்கு அருமையானவர்கள்.

ஜெபம்: அந்தரங்கத்தில் பார்க்கிற எங்கள் பரம பிதாவே, வறட்சியான நாட்களில் எங்களை வாடாமல் காத்தருளும். உம்மோடு தனித்திருக்கும் நேரத்தை விரும்பும் இருதயத்தைத் தாரும். சோர்ந்துபோன சகோதரரின் குரலைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.