முற்றமும் முடுக்கும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களும் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என விளையாட்டின் பெயராலேயே வழங்குகின்றன. பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் இசுலாமியப் புலவர்களும் இம்மரபைப் போற்றினர். இவற்றையெல்லாம் வகுப்பறையில் பல்லாண்டுகள் விரித்துரைத்துவந்தோம். ஆயினும் எங்கள் மகனுக்குச் சிற்றில் கட்டவோ சிதைக்கவோ வீட்டில் ஒருபிடி மணலும் இல்லை என்பதை உணர எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று.

நெல்லையின் புறநகரில் 2018ஆம் ஆண்டு வீடு கட்டினோம். ஆறடி உயர மதில், இரும்புக் கம்பிக் கதவு, முற்றம் முழுதும் சிமெண்டுக் கற்கள். மகனுக்கு அப்போது ஒரு வயது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவனுக்கு மூன்று. அடுத்த ஏறத்தாழ ஈராண்டுகள் மழலைப் பள்ளியும் இல்லை. அயல்வீட்டுப் பிள்ளைகளும் இல்லை. வளைகுடாவில் பணிபுரியும் அவன் மாமா அனுப்பிய பொம்மைகள் இரண்டு அலமாரிகளை நிறைத்தன. பேட்டரி தீர்ந்ததும் அவை ஊமையாயின. பின்னர் நோய் தணிந்து தெருவில் பிள்ளைகள் ஓடத் தொடங்கியபோதும் எங்கள் கதவு பழக்கத்தால் பூட்டியே கிடந்தது. மாலைதோறும் அவன் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நிற்பான். தெருப்பிள்ளைகளின் பெயர்கள் அனைத்தும் அவனுக்குத் தெரியும். அவன் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

எங்களுள் ஒருவர் காயல்பட்டினத்தில் பிறந்தவர், மற்றவர் மேலப்பாளையத்தார். (இத்திருமணம் அந்நாளில் உறவினர் பலருக்கு உவப்பாக இல்லை, அது வேறு கதை.) காயலில் வீடுகளுக்கிடையே பெண்களின் நடமாட்டத்திற்கென்றே அமைந்த முடுக்குகள் உண்டு. ஒரு வீட்டுப் பின்வாசலில் புகுந்த பிள்ளை எந்த வீட்டு அடுக்களையில் சோறுண்டு திரும்பும் என்பதைப் பெற்றவளும் அறியாள். பெண்மக்கள் மணமானபின்னும் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் அங்கு உண்டாதலால், சாச்சிமார் பிள்ளைகளும் பெரியம்மா பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வளர்வர். மூத்த லாத்தாவின் பாவாடை இளையவளுக்கு வரும். அவளிடமிருந்து அதற்கும் இளையவளுக்கு. இறுதியில் அது அடுப்பங்கரையில் கைப்பிடித் துணியாகும். விருந்துகளில் சஹனைச் சுற்றியமர்ந்து பலர் ஒரே தட்டில் உண்பர். பக்கத்திலிருப்பவர் பசியறிந்து உண்ணும் பழக்கத்தைப் பிள்ளைகள் அங்கேயே கற்றனர்.

மேலப்பாளையம் தறிகளின் ஊர். தெருவில் பாவு நீட்டியிருக்கையில் அதன் ஓரமாகவே எங்கள் ஓட்டம் நடக்கும். இழையில் கால் பட்டால் முதுகில் அடி விழும். கழிவு நூலை உருட்டிப் பந்து செய்தோம். மண்ணில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் தோண்டி, குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டையிட்டுப் பல்லாங்குழி ஆடினோம். மொத்தம் 70 கொட்டைகள். ஐந்தாம் வாய்பாட்டைப் பள்ளியில் கற்கும் முன்பே விரல்கள் கற்றிருந்தன. ஆட்டம் முடிந்தால் குழி மூடிப்போகும். மறுநாள் வேறிடத்தில் தோண்டுவோம்.

அக்காலத்தை முழுதும் பொன்னுலகமாக வருணிக்க எங்களுக்கு மனமில்லை. காயலில் பிறந்தவர் தம் பன்னிரண்டாம் அகவையில் பாண்டியாட்டத்தை விடநேர்ந்தது. அவருடைய காக்காமார் அதன்பின்னும் பல்லாண்டுகள் கடற்கரையில் ஆடித் திரிந்தனர். மலர்க்கட்டுரைகளில் இதனை எவரும் எழுதுவதில்லை.

2022ஆம் ஆண்டு நுங்குக் காலம். ஒரு மாலை, எதிர்த்தெருச் சிறுவன் ஒருவன் நுங்கு வண்டி ஓட்டிவந்தான். நுங்கெடுத்த இரு வெற்றுக் காய்களை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளும் அவ்வண்டியைப் பெரியோர் பலர் அறிவர். எங்கள் மகன் தன் பேட்டரிக் காரைக் கம்பியிடுக்கில் நுழைத்து நீட்டினான். அவன் காரை வாங்கிக்கொண்டு வண்டியைக் கதவின்மேல் தூக்கிக் கொடுத்தான். சாளரத்தினின்று பார்த்த நாங்கள், கார் வெளியே போவதை மட்டுமே கண்டோம். ஓடிச்சென்று கூச்சலிட்டோம். சொல்லத்தகாத ஒரு சொல்லையும் சொன்னோம்: களவு.

சிறுவன் அழவில்லை. காரைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வண்டியைத் திரும்பக் கேட்டான். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கிவிட்டு அவன் தாய் வந்தார். “சின்னப் பிள்ளைய மாத்தி வெளையாடுது, அதுக்குப் போயி சத்தம் போடுதியளே, சார்” என்றார். அவ்வளவே. மகன் அன்றிரவு உண்ணாமல் உறங்கினான்.

குழம்பு காய்ச்சினால் நீரைச் சற்றே கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். மேடைகளில் நாங்கள் பலமுறை எடுத்தோதிய செய்திதான். மறுநாள் கறிக்குழம்புச் சட்டியுடன் அவ்வீட்டு வாசலில் நின்றபோது, நாலாண்டுகளில் நாங்கள் அங்கு செல்வது அதுவே முதன்முறை என்பது நினைவுக்கு வந்தது. சிறுவனிடமும் அவன் தாயிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை. மாலையில் எங்கள் சட்டி, நிறைய முருங்கைக்கீரையுடன் திரும்பி வந்தது.

அவ்வாரமே முற்றத்தில் கால்பங்குச் சிமெண்டுக் கற்களைப் பெயர்த்தோம். வீடுகட்டி எஞ்சிய ஆற்றுமணலை அங்கே கொட்டினோம். அஸர் தொழுகை முடிந்தது முதல் மஃரிப் பாங்கு வரை கதவு திறந்திருக்கும் என்று தெருவினருக்குச் சொன்னோம். முதல்நாள் இருவர் வந்தனர். பத்து நாளில் பதினைவர். பொம்மைகளை வெளியே வைத்தோம். இரண்டே நாளில் அவற்றைத் தொடுவாரில்லை. சிரட்டையில் மண்சோறு பொங்குவதும், கிளித்தட்டுக்குக் கோடு கிழிப்பதும், யார் பிடித்தது முதலில் என்று வழக்காடுவதுமே அவர்களுக்குப் போதுமாயிருந்தன. கற்கள் பெயர்த்த இடத்தில் மழைநீர் தேங்காமல் மண்ணுள் இறங்கியது எங்களுக்குக் கிடைத்த உபரி. தாமாக முளைத்த வேம்பொன்று இப்போது மதிலளவு உயர்ந்துள்ளது.

எல்லாம் செம்மையாக நடந்தன என்று எழுதினால் பொய்யாகும். மகனின் முன்பல் ஒன்று பாதியளவு உடைந்தது. வீட்டில் எவரும் வழங்காத ஒரு வசவை அவன் நாலே நாளில் கற்றான். அதனை மறக்கடிக்க நாலு மாதங்கள் ஆயின. கைப்பேசியும் முற்றிலும் ஒழியவில்லை. மழை நாள்களில் தருகிறோம். உறவினரான பெரியவர் ஒருவர், தொழுகை நேரத்தில் இந்த இரைச்சல் என்ன என்று கடிந்தார். சஜ்தாவில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகேறிக்கொள்ள, அப்பிள்ளை இறங்கும்வரை சஜ்தாவை நீட்டிய நம் நாயகத்தை (ஸல்) அவருக்கு நினைவூட்டினோம். அவர் சமாதானம் அடையவில்லை. ஆயினும் அடுத்தமுறை வந்தபோது, பையிலிருந்து பம்பரம் ஒன்றை எடுத்துக் கயிறு சுற்றக் கற்பித்தார்.

வீட்டுச் செலவும் சுருங்கியது. அதனைத் திட்டமிட்டுச் செய்ததாகப் பெருமை கொள்ள இயலாது. சிறிதான உடைகள் எதிர்வீட்டுக்குச் செல்கின்றன. அங்கிருந்து எங்களுக்கும் வருகின்றன. பெருநாள் சட்டை தவிர மகனுக்கு ஓராண்டாகத் துணி வாங்கவில்லை. ஆடிக் களைத்த பிள்ளைகளுக்கு மாலையில் அவித்த பயறோ கிழங்கோ ஒரே சஹனில் வைக்கிறோம். பொட்டலத் தின்பண்டங்களை மகன் கேட்பதை எப்போது நிறுத்தினான் என்பது எங்களுக்கே தெரியாது.

சென்ற மாதம் ஒருநாள் பாண்டியாட்டத்திற்கு ஆள் குறைந்தது. சிறுமியர் அடுக்களைக்குள் வந்து, எங்களுள் காயலில் பிறந்தவரைக் கைப்பிடித்து இழுத்தனர். முதலில் மறுத்தார். பின்னர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முற்றத்தில் இறங்கி, ஓட்டுச்சில்லை எறிந்தார். இரண்டு கட்டம் நன்றாகவே நொண்டினார். மூன்றாவதில் கோட்டை மிதித்துவிட்டார். “அவுட்!” என்று எல்லாருக்கும் முன்னதாகக் கூவியவன் எங்கள் மகன்தான்.