நம்ம கோயில் போன்ல பேசுறது யாரு?



கோயில் லேண்ட்லைனுக்கு அடிச்சா, "இன்றைய பூஜை நேரம் அறிய 1, அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்க 2" என்று ஒரு குரல் சொல்லும். அதுக்கு மாசம் எவ்வளவு கட்டுறோம்னு போன வாரம் அன்னதானக் கூடத்தில் ஒரு அண்ணன் கேட்டார். போன் பில்லைத் தவிர ஒரு சென்கூட இல்லை அண்ணே. அந்தக் குரல் தேவார வகுப்பு டீச்சருடையது. அதைப் பேச வைக்கிறது ஆபீஸ் கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கறுப்பு மோடம். ஒரு உபயகாரர் கடையை மூடும்போது கொடுத்தது.

இன்டர்நெட்டுக்கு டயல் பண்ண வச்சிருந்த அதே மோடம்தான். 1981ல் ஹேய்ஸ் கம்பெனி ஸ்மார்ட்மோடம் கொண்டு வந்தப்போ, ‘ஏடி’ என்று தட்டச்சு செய்து மோடத்தைக் கூப்பிடும் வழக்கம் வந்தது. ‘கவனி’ என்று அர்த்தமுள்ள ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து அது. மோடம் ‘ஓகே’ என்று பதில் போடும். குரலுக்கான கட்டளைகள் பிறகு வந்தன. 1998ல் ஐடியூவின் வி.253 தரத்திலும் அவை இருக்கு. எல்லா மோடத்துக்கும் பேசத் தெரியாது. ‘ஏடி+எஃப்கிளாஸ்=?’ என்று கேட்டா, தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லும். 0 டேட்டா, 1 ஃபேக்ஸ், 8 குரல். பதிலில் 8 இருந்தா அதிர்ஷ்டம்!

மணி அடிச்சதும் நம்ம புரோகிராம் ‘ஏடி+எஃப்கிளாஸ்=8’ போட்டு, ‘ஏடி+விஎல்எஸ்=1’ என்று லைனை எடுக்கும். ‘ஏடி+விடிஎக்ஸ்’ போட்டா டீச்சர் குரல் போகும், ‘ஏடி+விஆர்எக்ஸ்’ போட்டா அந்தப் பக்கம் பேசுறது பதிவாகும். நொடிக்கு 8,000 பைட் என்பதால் சீரியல் போர்ட் வேகம் 57,600 பத்தாது, குரல் விக்கும். 115,200 வைக்கணும்.

குரலும் சேதியும் ஒரே ஒயரில் வருது, அப்போ எது எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்கு 16 என்ற பைட் ஒரு அடையாளம். 16க்கு அடுத்து ‘1’ வந்தா, கூப்பிட்டவர் 1ஐ அழுத்தியிருக்கார். ‘பி’ வந்தா பிஸி டோன். ‘கியூ’ வந்தா, சத்தம் நின்னுடுச்சு, பேசி முடிச்சிட்டார் போலிருக்கு. குரலுக்குள்ளேயே 16 வந்துட்டா அதை ரெண்டு தடவை போட்டு அனுப்பணும்.

இந்த ‘கியூ’ பத்திச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

அர்ச்சனைப் பதிவுகளைக் கேட்டு எழுதுறப்போ ஒரு விஷயம் தெரிஞ்சது. வயசான அம்மாக்களின் பதிவுகள்தான் பாதியில் நிக்குது. தன் பேர், நட்சத்திரம், பிள்ளைங்க பேர் எல்லாம் வரும். அப்புறம் வீட்டுக்காரர் பேர் சொல்லணும். அங்கே ஒரு மௌனம். தோட்டத்தில் வளர்ந்த நம்ம பாட்டிங்க பல பேர் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க, அவர் போய் இருபது வருஷம் ஆனாலும். "அதான்... பெரியவன் அப்பா..." என்று இழுக்கிறதுக்குள்ளே 5 விநாடி ஓடிடும். மோடம் ‘கியூ’ அனுப்பிடும், புரோகிராம் லைனை வச்சிடும். பாட்டிக்கு அந்தப் பக்கம் டொய்ங் என்று ஒரு சத்தம்தான். திதிக்குப் பேர் கொடுத்தாச்சுன்னு நினைச்சிட்டு இருப்பாங்க.

மோடம் மேல தப்பில்லை. கடையில ஆர்டர் எடுக்குற போனுக்கு 5 விநாடி சரியாத்தான் இருக்கும். ‘ஏடி+விஎஸ்டி=128,50’ என்றிருந்ததை 128,150 ஆக்கினோம். ரெண்டாவது எண்ணில் 10 என்றால் ஒரு விநாடி, ஆக இப்போ 15 விநாடி பொறுத்திருக்கும்.

15 விநாடியும் சிலருக்குப் போதலை. அதனால் கவுண்டரில் ஆள் இருக்கும் நேரத்தில் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினா பதிவு நின்னு, ‘ஏடி+விஎஸ்பி=1’ போய் ஸ்பீக்கர்போன் திறக்கும். மோடத்திலேயே மைக்கும் ஸ்பீக்கரும் மாட்ட இடம் இருக்கு. கையெல்லாம் விபூதியோட சீட்டு எழுதிக்கிட்டே, "சொல்லுங்க பாட்டி, தாத்தா பேர் முருகன் பேரா, பெருமாள் பேரா?" என்று கேட்கலாம். நாம ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டே வந்தா, சரியான பேருக்கு "ம்" என்பாங்க. ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய் எதிரொலிக்காமல் மோடம் முடிஞ்சவரை கழிச்சிடும். தவில் சத்தத்தை மட்டும் அதால கழிக்க முடியலை. பூஜை நேரத்தில் ‘+விஜிஎம்’ என்ற மைக் அளவை வழக்கமான 128லிருந்து இறக்கி, ‘+விஜிஎஸ்’ என்ற ஸ்பீக்கர் அளவை ஏத்துறோம். அப்பவும் கத்தித்தான் பேசணும்.

லேண்ட்லைனை வெட்டிட்டு எல்லாத்தையும் புலனத்தில் வச்சிக்கலாம்னு நிர்வாகக் குழுவில் பேச்சு இருக்கு. காசு மிச்சம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா புலனத்தில் குரல் செய்தி அனுப்பத் தெரிஞ்சவங்க யாரும் இந்த நம்பருக்கு அடிக்கிறதே இல்லை. அடிக்கிறவங்க வேற ஆளுங்க. என் ஓட்டு லைன் இருக்கட்டும் என்பதுதான்.

அடுத்த ஞாயிறு கூட்டம். உங்க வீட்டுப் பெரியவங்க இந்த நம்பருக்குக் கூப்பிடுறவங்கன்னா, அதுக்கு முன்னாடி கவுண்டர் நோட்டில் அவங்க பேரை எழுதிட்டுப் போங்க. நீல அட்டை நோட்டு, அர்ச்சனைச் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.