வேலியோரக் கார்த்திகைப்பூ

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனால், மாரி தொடங்கியபின் வழியெல்லாம் பச்சைதான். தருமபுரம் தாண்டி ஓர் உள்வீதியில் இறங்கினேன். ஒரே சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அந்த அக்காவின் வளவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாழ்வாதார உதவிக்கான படிவம் நிரப்பவே போயிருந்தேன். ஆனால் கண் வேலிக்குப் போய்விட்டது. கிளுவங்கதியாலைப் பற்றிக்கொண்டு கார்த்திகைப்பூ ஏறியிருந்தது. இலை நுனியே சுருண்டு கொம்பைப் பிடிக்கும் கொடி அது. பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, பின் சிவக்கும் ஆறு இதழ்களும் தீச்சுவாலைபோல் மேல்நோக்கி வளைந்து நின்றன.

"அவர் வைச்ச கிழங்கு, தங்கச்சி. 2010 இல திரும்பி வரேக்கை வீடுமில்லை, கிணத்துக்கட்டுமில்லை. எல்லாம் பத்தை. அந்த மாரிக்கு இது தானா முளைச்சு வந்துது. அப்பதான் எங்கட வேலி எதெண்டு பிடிபட்டது."

அவரது கணவர் 2009 இன் பின் திரும்பவில்லை.

மாமியாரோ அதைத் தோண்டி எறியச் சொன்னாராம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போது மகளுக்கு நாலு வயது. இந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் அது அதிகம். அதிலுள்ள கொல்கிசின் என்ற பொருள், வைத்தியர் அளந்து கொடுத்தால் ஒருவகை மூட்டுவாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். கிழங்கை வற்றாளை என்று மாறி அவித்து உண்டு ஆபத்துக்குள்ளானவர்கள் உண்டு.

அக்கா இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வழி கண்டார். மரவள்ளி, வற்றாளைப் பாத்திகளுக்கு எட்டத்தில், பின்வேலியோரம் அதற்குத் தனி இடம் ஒதுக்கினார். சுற்றிவரக் கம்பி அடைத்தார்.

வளர்ப்பது கடினமில்லை, சகோதரிகளே. நீர் தேங்காத மணற்பாங்கான நிலம் போதும். கலப்பைபோல் வளைந்த கிழங்கை மழைக்கு முன், நாலு விரல் ஆழத்தில் கிடையாகப் புதைக்க வேண்டும். நுனியிலுள்ள முளை முறிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. விதை போட்டால் பூப்பதற்குச் சில வருடங்கள் செல்லும். மாரி முடியக் கொடி காய்ந்துவிடும், செத்துப்போனதென்று எண்ணாதீர்கள். பழைய கிழங்கு வற்றி, புதியது மண்ணுக்குள் உறங்கும். அப்போது தண்ணீர் ஊற்றக்கூடாது. கையுறை போட்டே தொடுங்கள். கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். ஆடுமாடு கடிக்க விடாதீர்கள். பிள்ளைகள் சிறிதளவு வாயில் வைத்தாலும், வாந்தி வரும்வரை பார்த்திருக்காமல், கைமருந்தும் செய்யாமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டோடுங்கள்.

படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தபோது, எனக்கும் ஒரு கிழங்கு தருவீர்களா என்று கேட்டேன்.

"மாசியில கொடி காஞ்ச பிறகு வாங்கோ, கிண்டித் தாறன்," என்றவர், படலையடியில் மறித்துக் கேட்டார்: "வீட்டில சின்னப்பிள்ளையள் இல்லைத்தானே?"