கன்டினியூ பட்டன் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

மூட்டு வலி குறைந்திருக்கிறது என்றாள் அம்மா. குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடுவாள், பார்த்துக்கொள்.

உன் பில்லிங் புரோகிராமைப் படித்தேன். திரும்பிய பக்கமெல்லாம் ட்ரை-கேட்ச், பாதி கேட்சுக்குள் ஒன்றுமே இல்லை. "இப்போதெல்லாம் எரரே வருவதில்லை" என்று கடைக்காரர் பாராட்டினாராமே! வராமல் என்ன, உனக்குத் தெரியாமல் வருகிறது. மாதக் கடைசியில் ஸ்டாக் ஏன் இடிக்கிறது என்று கேட்டாயே, அதற்கும் இதுதான் காரணம். பில் சேவ் ஆகிவிடுகிறது; ஸ்டாக்கைக் குறைக்கும் வரியில் எக்ஸெப்ஷன் விழுந்தால் காலி கேட்ச் அதை விழுங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போடு. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தது மாதிரி, உன்னால் ஏதாவது செய்ய முடிகிறதை மட்டும் அங்கேயே பிடி. மற்றதை மேலே போகவிடு.

மேலே போனால் என்ன ஆகும் என்பதில்தான் நீ குழம்பியிருக்கிறாய். வின்ஃபார்ம்ஸில் யூஐ த்ரெட்டில் விழுவது 'அப்ளிகேஷன்.த்ரெட்எக்ஸெப்ஷன்' பக்கம் போகும். வேறு த்ரெட்டில் விழுவது 'ஆப்டொமைன்.அன்ஹேண்டில்டுஎக்ஸெப்ஷன்' பக்கம் போகும். இந்த இரண்டாவது, சாவுச் செய்தி மாதிரி. தகவல் சொல்லும், தடுக்க விடாது. டாட்நெட் 1.1 வரை பின்னணி த்ரெட்டில் விழுந்தது பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும். 2005-இல் வந்த 2.0-தான் புரோகிராமையே நிறுத்தியது. அதுதான் நியாயம் என்பேன். டாஸ்க் விஷயத்தில் மட்டும் 4.5-இல் மறுபடி தளர்த்திவிட்டார்கள், அதனால் அவெய்ட் போடாமல் எந்த டாஸ்க்கையும் விடாதே.

நீ ஒன்றும் எழுதாவிட்டால் யூஐ எக்ஸெப்ஷனுக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸே ஒரு பெட்டி காட்டும்: கன்டினியூ, குவிட். கல்லா முன்னால் கூட்டம் நிற்கும்போது கடைக்காரர் எதை அமுக்குவார்? அமுக்கிய பிறகு கிரிட்டில் தெரியும் வரிகளும் மெமரியில் இருக்கும் மொத்தமும் ஒத்துப்போகும் என்று யார் உத்தரவாதம் தருவது? அந்த பட்டனே வேண்டாம். மெயினில், முதல் விண்டோ உருவாகும் முன்பே, 'செட்அன்ஹேண்டில்டுஎக்ஸெப்ஷன்மோட்' கூப்பிட்டு 'த்ரோஎக்ஸெப்ஷன்' கொடு. எல்லாம் அந்த இரண்டாவது இடத்துக்கே வந்து சேரும்.

அங்கே டேட்டாபேஸைத் தொடாதே. விழுந்ததே அதுவாக இருக்கலாம். எக்ஸெப்ஷனை டூஸ்ட்ரிங் போட்டு, முழுசாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுது. மெசேஜ் மட்டும் எழுதினால் உள்ளே இருக்கும் இன்னர் எக்ஸெப்ஷன் போய்விடும். ஃபைல் லோக்கல் ஆப்டேட்டாவில் இருக்கட்டும், புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரண யூசருக்கு எழுத அனுமதி இருக்காது. பிறகு கடைக்காரருக்குத் தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு மூடிவிடு. அடிக்க அடிக்க பில் வரிகளைச் சேவ் செய்துவைத்தால், திறந்ததும் விட்ட இடத்திலிருந்து அடிப்பார்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்தால் இந்த ஹேண்ட்லருக்குக்கூட வேலையில்லை. அதற்கு ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக்கைப் பார்.

காலி கேட்ச்களை இன்றைக்கே பிடுங்கி எறியாதே. தீபாவளி வியாபாரம் முடியும்வரை ஒவ்வொன்றிலும் லாக் வரி மட்டும் சேர்த்து, அந்த ஃபைலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா