கொடிமலையும் கோட்டையும்

பினாங்குத் தீவைக் காணச் செல்வோர் முதலில் நாடுவது கொடிமலையையே. 1923இல் தொடங்கப்பெற்ற மலை இரயில் அவர்களைக் குளிர்ந்த உச்சிக்கு ஏற்றிச் செல்கிறது. கீழே நகரும் கடலும் ஓவியமென விரிகின்றன.

தீவின் கதையோ அந்நகரிலே இருக்கிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கரையில் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. அதற்குச் சற்று அப்பால், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் தமிழர் அங்குக் காலூன்றியதற்குச் சான்று பகர்கின்றன.

கோட்டை ஒரு பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தியாவிலிருந்து கொணரப்பட்டுச் சாலைகள் அமைத்த கைதிகளின் பெயர்களை யார் அறிவார்? சுற்றுலா செல்லும் மாணவர்க்கு ஆசிரியர் அச்சாலைகளையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும். மலையின் எழில் கண்ணை நிறைக்கும். மறைந்த உழைப்பை உணர்தலே கல்வியாகும்.